பலகைக்கு அங்கால்

இந்தக் காலத்துச் சனத்துக்கு ஒரு சாவு மட்டும் போதாது, அதற்கொரு காரணமும் வேண்டும். காரணம் கிடைக்கும்வரை ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியும் தொண்டையால் இறங்காது. இப்படி மனதுக்குள் ஏசிக்கொண்டு, பந்தலில் கிடந்த பிளாஸ்டிக் கதிரைகளுக்குக் கீழே குனிந்து குனிந்து பார்த்தபடி நடந்தார் இளையதம்பி. விறாந்தையில், பெட்டிக்குள், அவருடைய மனைவி பாக்கியம் கிடந்தாள். கட்டினவளின் முகத்தைப் பார்க்காமல் கதிரைக்குக் கீழே இந்த மனிதன் எதைத் தேடுகிறார் என்று வந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அவர் தேடியது நாயை.

கறுவல் பந்தலின் பின்பக்கம், சுருட்டிப் போட்டிருந்த தறப்பாள் விரிப்பின் மேல் படுத்திருந்தது. வயிறு ஏறி இறங்கியது. கால் பெருவிரலால் அதன் முதுகைத் தட்டினார். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, வாலை ஒருமுறை அடித்துவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டது.

"ம்" என்றார்.

"என்னண்ணை, நாயோட கதைச்சுக்கொண்டு நிக்கிறியள்?" அடுத்த வளவு மயில்வாகனம் பின்னால் வந்து நின்றான். "குருக்கள் வந்திட்டார். உங்களைத் தேடுறார்."

"தேடட்டும். அவள் இனி எங்கையும் ஓடமாட்டாள்."

முந்தாநாள் இரவு பாக்கியம் காளான் கறியோடு சோறு சாப்பிட்டாள். நேற்று விடிய எழும்பவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட ஊருக்குக் கனநேரம் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே செய்தி போனில் வந்துவிட்டது. மருமகன் தயாபரன் கொண்டுவந்து காட்டினான். நெடுங்கேணியில் காட்டுக் காளான் உட்கொண்ட வயோதிப மாது பரிதாப மரணம் என்று போட்டு, கீழே ஒரு படம். சிவப்புத் தொப்பியில் வெள்ளைப் புள்ளி வைத்த ஏதோ ஒன்று. அப்படி ஒரு சாமான் இந்தக் காட்டில் முளைத்ததை இளையதம்பி பிறந்ததிலிருந்து கண்டதில்லை.

"இது எந்த ஊர்க் காளான்?"

"அது சும்மா ஒரு படம் மாமா. விளங்குறதுக்குப் போடுறது."

"அப்ப செத்ததும் சும்மா ஒரு மனிசியோ?"

தயாபரன் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

பெட்டியடியில் பரந்தனிலிருந்து வந்த அவருடைய தங்கச்சி தங்கம்மா தலைவிரி கோலமாக இருந்து ஒப்பாரி வைத்தாள். அவளுடைய ஒப்பாரியில் எப்போதும் அழுகை பாதி, குத்தல் பாதி. "பிடுங்கித் தின்னாதை எண்டு என்ர அண்ணை சொன்னாரே, காட்டில கண்டதை நம்பாதை எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னாரே, கேட்டியே என்ர மச்சாளே..." என்று இழுத்தாள். பாக்கியம் மலையகத்திலிருந்து, தேயிலைத் தோட்டத்துக் கலவரத்தில் அடிபட்டு, சிறுபெட்டையாக வன்னிக்கு வந்தவள். 'கண்டதையும் பிடுங்கித் தின்னுற சனம்' என்று தங்கம்மா கலியாணத்தன்றே குசினிக்குள் சொன்னது பாக்கியத்தின் காதில் விழுந்தது. நாற்பது வருடத்துக்குப் பிறகு அதே கதையை இப்போது ராகத்தோடு சொல்கிறாள். அதிலும் அவருடைய வாயாலேயே சொல்கிறாள்.

அவர் சொன்னவர்தான். இல்லையென்று சொல்ல முடியாது.

சித்திரை வருசப்பிறப்பு கழிந்து, முதல் இடியோடு பின்னேர மழை ஒன்று பெய்தால், அடுத்தநாள் விடியப்புறம் பாக்கியம் ஓலைப்பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவாள். கறுவல் முன்னால் ஓடும். குளக்கட்டால் ஏறிக் காட்டுப் பக்கம் போவது மட்டும்தான் அவருக்குத் தெரியும். வெயில் ஏறும்போது பை நிறையப் புற்றுக் காளானோடு வருவாள். வெள்ளைவெளேரென்று, நீளக் காம்போடு, உச்சியில் முலைக்காம்பு மாதிரி ஒரு கூர் வைத்துக்கொண்டிருக்கும். எங்கே பிடுங்குகிறாள் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. அவரும் கேட்டுப் பார்த்தார். ஒருமுறை, "நானும் வாறன்" என்றுகூடச் சொன்னார்.

"நீங்க வந்தாக் கத்துவீங்க. சத்தம் கேட்டா அது மண்ணுக்குள்ள போயிடும்" என்றாள். அவரிடம் மட்டும் அந்தப் பழைய மலையகத்து 'ங்க' அவளுக்கு மாறவே இல்லை.

"காளானுக்கு ஆர் காது வச்சது?"

"இந்தா, இப்பவே கத்துறீங்க."

விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவர் படலையடியில் நின்று, அவள் குளக்கட்டில் சின்னதாகிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைப்பாள். வைக்கும்போது ஒரு பல்லு வெள்ளுள்ளியைப் போடுவாள். உள்ளி கறுத்தால் நஞ்சு என்பது அவளுடைய ஆக்களின் கணக்கு. "உள்ளி என்ன, டொக்டருக்குப் படிச்சதோ?" என்று அவர் குசினி வாசலில் நின்று கேட்பார். அவருக்கு உள்ளியிலும் நம்பிக்கையில்லை, காளானிலும் நம்பிக்கையில்லை. நேற்று வெறும் மண்ணாகக் கிடந்த இடத்தில் இன்று குடை விரித்துக்கொண்டு நிற்கிறது. ஒரே ராத்திரியில் முளைக்கிறதை எப்படி நம்புவது? நெல்லைப் பார், மாதக்கணக்காய் நிற்கிறது. தண்ணி கேட்கிறது, பசளை கேட்கிறது, பன்றியிடம் தப்பி வருகிறது. அதை நம்பலாம்.

ஆனாலும் ஒவ்வொரு வருசமும் அவருடைய சோற்றுக் கோப்பையின் கரையில் ஒரு கரண்டி கறி வைப்பாள்.

"ஒரு வாய் வச்சுப் பாருங்க. செத்திட மாட்டீங்க."

அவர் அதை விரலால் தள்ளிவிட்டு மீன் குழம்போடு சாப்பிட்டு முடிப்பார். அவள் அவருடைய கோப்பைக் கரையிலிருந்தே அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வாள். கோபித்ததில்லை. முந்தாநாள் இரவும் அப்படித்தான். கை கழுவிவிட்டு வந்து, தோள் உளைகிறது என்றாள். எண்ணெய் பூசிக்கொண்டு படு என்றார். பூசினாளா, பூசவில்லையா, தெரியாது.

நேற்று விடிய, மகள் சுமித்திரா ஓமந்தையிலிருந்து வந்து சேருவதற்குள், அயல் பெண்கள் செத்தவீட்டு வழக்கப்படி குசினிக்குள் புகுந்துவிட்டார்கள். செத்தவீட்டில் பழைய சோறும் கறியும் இருக்கக்கூடாது. பானையைக் கவிழ்த்து, சட்டியைக் கவிழ்த்து, எல்லாவற்றையும் வாழையடியில் கொட்டி, அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். ஒருத்திக்கும் அதைப் பற்றி இரண்டாம் யோசனை இல்லை. அவர் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் உள்ளே போனதும் கறுவல் வந்தது. சோற்றை விட்டுவிட்டுக் காளான் துண்டுகளைத் தேடித் தேடித் தின்றது. தடி எடுத்து விரட்ட அவருக்குக் கை வரவில்லை. வாழையிலைச் சருகில் ஒரு பல்லு உள்ளி கிடந்தது. குனிந்து பார்த்தார். வெள்ளையாகத்தான் இருந்தது.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் மரண விசாரணை செய்கிற ஐயா கேட்டார். "இரவு என்ன சாப்பிட்டவா?"

"காட்டில பிடுங்கின காளான். அம்மா மட்டும்தான் சாப்பிட்டவா" என்றாள் சுமித்திரா.

"மிச்சம் ஏதும் கிடக்கோ?"

"வீட்டில கொட்டிட்டினம். செத்தவீடு தானே."

அந்த மனிதர் பேனையை நிறுத்திவிட்டு இளையதம்பியைப் பார்த்தார். "நீங்கள் ஏன் ஐயா சாப்பிடேல்லை?"

"எனக்கு அதில நம்பிக்கை இல்லை."

"அப்ப உங்களுக்கே ஒரு சந்தேகம் இருந்திருக்கு."

இளையதம்பி வாயைத் திறந்தார். நாற்பது வருசமாகச் சாப்பிட்டவள் என்று சொல்ல நினைத்தார். அதற்குள் அவர் எழுதத் தொடங்கிவிட்டார். ஒரு வாய், ஒரேயொரு வாய் முந்தாநாள் இவர் சாப்பிட்டிருந்தால், இந்த மனிதருக்கு எழுத ஒன்றும் இருந்திராது. சாப்பிட்டவன் இந்தா குத்துக்கல்லாட்டம் நிற்கிறான் என்று எழுதியிருக்கவேண்டும்.

பிரேதத்தைப் பார்த்த டொக்டர் பிள்ளை, இருதயம் நின்றதுபோலத்தான் தெரிகிறது என்றாள். ஆனால் காளான் கதை வந்தபடியால் சாம்பிள் கொழும்புக்குப் போகும், மறுமொழி வர மாதக்கணக்கு ஆகும். அதுவரைக்கும் ஆர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

அதனால்தான் நேற்றிலிருந்து அவர் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரவு அது முற்றத்தில் இருமியபோது எழும்பிப் போய்ப் பார்த்தார். காலையில் அது கோழிக்குப் பின்னால் ஓடியபோது, பந்தல்காரனுக்கு முன்னால் சிரித்துவிட்டார். பெண்சாதி செத்துக் கிடக்கச் சிரிக்கிற மனிதன் என்று அவன் நினைத்திருப்பான்.

குருக்கள் உரலில் சுண்ணப்பொடி இடிக்கும் நேரத்தில், தங்கம்மா திரும்பவும் 'காட்டில கண்டதை' என்று தொடங்கினாள். இளையதம்பிக்குப் பொறுக்கவில்லை.

"நிப்பாட்டடி!"

உலக்கை பாதியில் நின்றது. பறையடித்தவனும் நின்றுவிட்டான்.

"நாய் திண்டது. அந்தக் கறியை முழுக்க நாய்தான் திண்டது. நேற்று விடியத் திண்டது. அந்தா கிடக்கு, போய்ப் பாருங்கோ. சாகேல்லை."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கறுவல் தறப்பாளில் மல்லாந்து கிடந்து காதைச் சொறிந்தது. பின்வரிசையில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தான்.

"அண்ணை, நாய் செத்த மாட்டையே செரிக்கும்" என்றான் மயில்வாகனம், ஆறுதல் சொல்கிற குரலில்.

"நாய்க்கும் மனிசருக்கும் வித்தியாசம் மாமா. இன்ரர்நெற்றில பாத்தனான்" என்றான் தயாபரன்.

"உன்ர நெற்றில கிடக்கிறது சிவப்புக் காளான். அதை முதல் அழி!"

சுமித்திரா பெட்டியடியிலிருந்து எழும்பி வந்து அவருடைய கையைப் பிடித்தாள். அழுது அழுது அவளுக்குக் குரல் கரகரத்திருந்தது. "அப்பா, விடுங்கோ. எப்பிடியோ போட்டா. நீங்கள்தானே ஒவ்வொரு வருசமும் சொல்லுவியள், இது உன்னை ஒருநாளைக்குக் கொல்லும் எண்டு. இப்ப ஏன் மற்றவையோட சண்டை பிடிக்கிறியள்?"

அவர் அவளைப் பார்த்தார். அவளுடைய கை தாயின் கைபோல, நுனி சப்பையான விரல்கள். குருக்கள் தொண்டையைச் செருமினார். உலக்கை திரும்ப விழத் தொடங்கியது.

வாய்க்கரிசி போடும்போது அவர் குனிந்து, அரிசியைப் போட்டுவிட்டு, ஒரு கணம் அப்படியே நின்றார். சந்தனமும் மருந்தும் மணத்தது. சித்திரையில் அவளில் வரும் அந்த மண் மணம், உக்கின இலையும் மழையும் கலந்த மணம், அவர் மூக்கைச் சுளித்து "போய்க் கையைக் கழுவு" என்று சொல்லும் மணம், இல்லை. ஆஸ்பத்திரியில் நன்றாகக் கழுவிவிட்டார்கள்.

கொள்ளி அவரே வைத்தார். வைக்க வேண்டிய மகன் கடைசி யுத்தத்தோடு போனவன், திரும்பவில்லை. சுடலையில் அவனுடைய பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் தோய்ந்து, அயலார் கொண்டுவந்த சோற்றில் இரண்டு வாய் சாப்பிட்டு, விறாந்தைத் தூணோடு சாய்ந்திருந்தார். பெட்டி இருந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது. வானம் வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. நேற்றும் இன்றும் எரித்த வெயிலுக்கு மழை வராமல் போகாது. உள்ளே எட்டுச் செலவுக்கு என்ன செய்வதென்று கதைத்தார்கள். எட்டாம் நாள் செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைக்கவேண்டும்.

"மாமிக்கு என்ன விருப்பம்?" என்று தயாபரன் கேட்டது வெளியே கேட்டது.

எல்லோருக்கும் தெரிந்த மறுமொழிதான்.

"ஐயோ, அதை மட்டும் இனி இந்த வீட்டுக்குள்ள எடுக்க வேண்டாம்" என்றாள் தங்கம்மா. "மீனும் முட்டையும் வச்சுப் படைப்பம். போதும்."

சுமித்திரா ஏதாவது சொல்வாள் என்று இளையதம்பி காத்திருந்தார். கோப்பை கழுவும் சத்தம்தான் கேட்டது.

எழும்பிச் சால்வையைத் தோளில் போட்டார். கறுவலும் எழும்பியது.

"எங்கையப்பா போறியள்? செத்தவீட்டுக்காரர் வெளிய போகக்கூடாது!"

"காலை நீட்டிப்போட்டு வாறன்."

குளக்கட்டில் ஏறினதும் கறுவல் முன்னால் போனது. அது வழி கேட்கவில்லை. கட்டு முடிய இறங்கி, பாலை மரங்களுக்கு இடையால் ஒற்றையடிப் பாதையில் போய், ஒரு இரும்புக் கம்பத்தடியில் திரும்பியது. இளையதம்பி நின்றுவிட்டார்.

அந்தக் கம்பத்தில்தான் முந்தி மண்டையோட்டுப் பலகை தொங்கியது. மிதிவெடிக் காணி. வெளிநாட்டுக் கம்பனிக்காரர் வந்து, கருவி பிடித்து, முழங்காலில் நின்று கிண்டி, எல்லாம் துப்புரவு என்று பாடசாலையில் கூட்டம் வைத்துச் சொன்னார்கள். பலகையைக் கழற்றிக்கொண்டு போய்க் கனகாலம். "கிண்டினவன் தன்ர பிள்ளையை அதுக்குள்ள ஓடவிட்டுக் காட்டட்டும்" என்று இளையதம்பி கூட்டத்திலேயே எழும்பிச் சொன்னார். ஊர் கைதட்டியது. அதற்குப் பிறகு ஒருவரும் அதற்குள் விறகுக்குக்கூடப் போகவில்லை. ஒருமுறை அவருடைய பசு உள்ளே போய்விட்டது. கம்பத்தடியில் நின்று இருட்டும்வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டாரே தவிர, ஒரு காலை எடுத்து வைக்கவில்லை.

கம்பத்துக்கு அங்கால், மழையில் இளகி வெயிலில் மேலோடு மட்டும் காய்ந்த களியில், காலடிகள் கிடந்தன. வெறுங்கால். சின்னக் கால். வலது அடியில் நாலு விரல்தான் பதிந்திருந்தது. கிளிநொச்சியில் குடியிருந்த காலத்தில் மண்வெட்டி பட்டுப் போன சுண்டுவிரல்.

"எடியே" என்றார். "இதுக்குள்ளயோ போனனீ?"

ஒரு வரிசை உள்ளே போயிருந்தது. பக்கத்தில் இன்னொரு வரிசை வெளியே வந்திருந்தது. வந்த அடிகளில் குதி ஆழமாக இருந்தது. பை பாரம்.

கறுவல் உள்ளே போய்விட்டது. அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவளுடைய முதல் அடியின் மேல் தன் காலை வைத்தார். மற்றக் காலை அடுத்த அடியின் மேல். அவள் கால் வைத்த இடத்தைத் தவிர வேறு ஒரு அங்குல மண்ணையும் அவர் நம்பவில்லை. அவள் எடுத்து வைத்த அடி சின்னது. குடத்தோடு போகிற பெண்ணைப்போல ஒடுக்கி ஒடுக்கி நடக்கவேண்டியிருந்தது. வியர்த்தது. வீரை மரம் ஒன்றைச் சுற்றி, முள்ளுப் பற்றையைக் குனிந்து கடந்து, அடிகள் ஒரு புற்றில் போய் முடிந்தன.

இடுப்புயரப் புற்று. அதன் அடியில் பிடுங்கின குழிகள் வரிசையாகக் கிடந்தன. அவள் பிடுங்காமல் விட்ட சின்னன்கள் இந்த இரண்டு நாளில் விரிந்து, ஓரம் கிழிந்து, சில சரிந்து கிடந்தன. புற்றுக்கு முன்னால் மண்ணில் இரண்டு உருண்டைப் பள்ளங்கள். முழங்கால் குத்திய இடம். பக்கத்தில், எழும்பும்போது ஊன்றின கை. ஐந்து விரலும் அப்படியே, நுனி சப்பையாக.

அவர் அந்தக் கைக்குப் பக்கத்தில் குந்தினார். கத்தவில்லை. இருமலும் வந்தது, விழுங்கிக்கொண்டார். காட்டில் ஒரு குருவிச் சத்தமும் இல்லை. சரியாமல் நின்ற ஒன்றை, காம்பைப் பிடித்து, மண்ணோடு மெல்ல ஆட்டி எடுத்தார். மூக்கடியில் பிடித்தார். அந்த மணம்தான். கண்ணை மூடிக்கொண்டு கனநேரம் இருந்தார். கறுவல் பக்கத்தில் படுத்துக் காத்திருந்தது.

வாய்வரைக்கும் கொண்டுபோனார். பிறகு கையை இறக்கி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே ராத்திரியில் முளைத்தது. நம்பிக்கை வரவில்லை. புற்றின் மேல், விழாத இடமாகப் பார்த்து வைத்தார்.

வடக்கே இடி உருண்டது. காற்றில் மழை வாசம் ஏறியது. எழும்பித் திரும்பிப் பார்த்தார். அவர் வந்த வழி முழுக்க அவருடைய அகலமான கால்கள்தான் கிடந்தன. அதற்குக் கீழே அவள் போன அடி ஒன்றுகூட மிச்சமில்லை. அவள் திரும்பி வந்த அடிகள் மட்டும் பக்கத்தில் முழுசாகக் கிடந்தன, குதி ஆழமாக, வீட்டுப் பக்கம் பார்த்தபடி.

கறுவல் எழும்பி வழக்கம்போல அதன் மேலால் ஓட வெளிக்கிட்டது.

"சீ, அங்கால போ!" என்றார், தாழ்ந்த குரலில். "அதில மிதியாதை."

நாய் ஒதுங்கிப் புல்லுக்குள் இறங்கியது. தன் அடிகளின் மேலேயே திரும்பினாலும் அகலக் கால் அவளுடையதில் பட்டுவிடும் என்று அவரும் ஒதுங்கினார். அவள் கால் படாத, அவர் ஒருநாளும் நம்பாத மண்ணில், ஒவ்வொரு அடியாகப் பெருவிரலை முதலில் வைத்துப் பார்த்து, பிறகு குதியை வைத்து நடந்தார். கம்பனிக்காரன் சொன்னதில் அவருக்கு இப்போதும் நம்பிக்கை இல்லை. முதல் துளி தோளில் விழுந்தது. அவர் வேகமாக நடக்கவில்லை.